முட்டை அட்டையில் ஒன்பதாம் குழி

அத்தாயிக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். கருங்கல்மேட்டுக்கு முட்டை ஏற்ற வரும் வண்டிக்காரர்களுக்கு இது தெரியும். மின் அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரிய ஐந்து மாதம் ஆனது.

சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைப் பக்கம் போகும் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் வருகிற சிற்றூர் கருங்கல்மேடு. அங்கே மின்கம்பி முடிகிற கடைசிக் கம்பத்தை ஒட்டி அத்தாயியின் கோழிப்பண்ணை. நீளமான இரண்டு கொட்டகைகள், ஆறாயிரம் முட்டைக்கோழிகள். கணவர் செங்கோடனுக்கு ரிக் வண்டியில் வேலை. ஆழ்துளைக் கிணறு போட மத்தியப் பிரதேசம் பக்கம் போனாரென்றால் மழைக்காலத்துக்குத்தான் ஊர் திரும்புவார். ஆகவே பண்ணையின் நல்லதும் கெட்டதும் இருபத்தைந்து வருஷமாக அத்தாயி பொறுப்பு. எட்டாம் வகுப்போடு அவருக்குப் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. ஆனால் கையில் கிடைக்கும் காகிதத்தை, தீவன மூட்டையில் தைத்திருக்கும் சீட்டானாலும் சரி, கடைசி வரிவரை படிக்கிற பழக்கம் முடியவில்லை.

2023இல் கொட்டகைக் கூரைமேல் சோலார் தகடுகள் ஏற்றினார். பண்ணைக்கு வேண்டியது போக மீதிக் கரண்ட் கம்பி வழியாக வெளியே போகும். போவதையும் வருவதையும் சேர்த்து அளக்கிற மீட்டரை மின் அலுவலகம்தான் மாட்ட வேண்டும். விண்ணப்பம் கொடுத்தாயிற்று, அதிகாரிகள் வந்து பார்த்துச் சரி என்றும் சொல்லியாயிற்று. மீட்டர் மட்டும் வரவில்லை. அது வராமல் தகடுகளை இயக்கக் கூடாது. கோடை முழுக்க அவை கூரைமேல் சும்மா வெயில் காய்ந்தன.

புதன்கிழமைதோறும் காலை முட்டை பொறுக்கி முடித்ததும், தூக்குப்போசியில் சோற்றைக் கட்டிக்கொண்டு அத்தாயி மின் அலுவலகத்துக்குப் போனார். உதவிப் பொறியாளர் தீனதயாளன் கெட்டவர் என்று சொல்ல முடியாது. மூன்று பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவர் பார்த்தார். அதனால் எதற்கும் ஒரே பதிலை வைத்துக்கொண்டிருந்தார்.

“ஸ்டாக் இல்லக்கா. வந்ததும் முதல் மீட்டர் உங்களுக்குத்தான்.”

“போன புதன்கிழமையும் முதல் மீட்டரு எனக்குத்தான்னு சொன்னீங்க.”

“வரலையே, நான் என்ன பண்ணட்டும்?”

அத்தாயியின் குரல் இறங்கியது. “நீங்க என்ன பண்ணோணும்னு விதியில இருக்குதுங்க சார். இத்தன நாளைக்குள்ள மாட்டோணும். மாட்ட முடியாட்டி, ஏன் முடியலைன்னு எழுத்துல குடுக்கோணும். மீட்டரு இல்லாட்டிப் போகுது, அந்த எழுத்தக் குடுங்க. வாங்கீட்டுப் போயர்றேன்.”

“விதியெல்லாம் படிச்சீங்களாக்கா?”

“கோழிக்கு நோவு வந்தா மருந்துச் சீட்டப் படிக்கறேன். இதப் படிக்கக் கூடாதுங்களா?”

அடுத்த வாரம் மீட்டர் வந்தது. அது அவர் பேச்சால் வந்ததா, ஸ்டாக் வந்ததால் வந்ததா என்பது யாருக்கும் தெரியாது. தன்னால்தான் வந்தது என்று அத்தாயியும் சொல்லிக்கொள்ளவில்லை.

இப்படி உரிமை கேட்கத் தெரிந்தவர்கள் நாமக்கல் பக்கத்தில் அபூர்வம் அல்ல. அலுவலகப் படிகளில் தினமும் பத்துப் பேர் ஏறி இறங்குகிறார்கள். இதற்காக மட்டும் ஒருவரைப் பற்றி எழுதத் தேவையில்லை.

மீட்டர் வந்து சில மாதம் ஒழுங்காக ஓடியது. அடுத்த மார்ச்சில் வெயில் ஏறியதும் புதுத் தொந்தரவு ஒன்று தொடங்கியது. உச்சிவெயிலில், தகடுகள் நன்றாக உழைக்க வேண்டிய நேரத்தில், சோலார் கரண்டைப் பண்ணைக் கரண்டாக மாற்றித் தருகிற இன்வெர்ட்டர் பெட்டி கீச்சென்று கத்திவிட்டு நின்றுபோகும். பத்து நிமிடம் கழித்துத் தானாக ஓடும், மறுபடி நிற்கும். சோலார் வேலை செய்து கொடுத்த எலக்ட்ரீசியன் ஈஸ்வர் வந்து பார்த்தார்.

“பெட்டியில கோளாறு இல்லீங்கக்கா. டிரான்ஸ்பார்மர் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்குது, கம்பியோ சன்னக் கம்பி. உங்க கரண்டு வெளிய போக எடமில்லாம முட்டுது. இருநூத்தி முப்பது, நாப்பதுல நிக்க வேண்டிய வோல்டேஜ் ஏறுது. இருநூத்தி அறுபதத் தாண்டுனா பெட்டி பயந்துக்கிட்டு நின்னுக்கும்.”

தீனதயாளனிடம் சொன்னபோது, “எங்க லைன் உங்களுக்குக் கரண்ட் குடுக்கப் போட்டது; உங்ககிட்ட வாங்கறதுக்குப் போட்டதில்ல,” என்றார். இத்தனை தகடு போடலாம் என்று அந்த லைனைப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்று அத்தாயி கேட்டார். வோல்டேஜ் ஏறுகிறது என்பதற்கு என்ன ஆதாரம் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அத்தாயி வீட்டுக்கு வந்து ஒரு முட்டை அட்டையை எடுத்தார். முட்டை அடுக்குகிற அந்தக் காகித அட்டையில் முப்பது குழிகள். ஒரு நாளைக்கு ஒரு குழி. தினமும் பன்னிரண்டரை மணிக்கு இன்வெர்ட்டர் பெட்டியில் தெரிகிற எண்ணைப் பார்த்து, அன்றைய குழிக்குள் நீலப் பேனாவால் எழுதினார். முப்பத்தொன்றாம் தேதி வந்தால் அட்டையின் ஓரத்தில். மார்ச்சுக்கு ஒரு அட்டை, ஏப்ரலுக்கு ஒன்று, மே மாதத்துக்கு ஒன்று. பண்ணையில் தடுப்பூசி போட்ட நாளையும் முட்டை குறைந்த நாளையும் அவர் இப்படித்தான் எழுதி வைப்பார். நோட்டுப் புத்தகம் என்றால் எங்காவது போய்விடும், அட்டை கண்முன்னே தொங்கும் என்பது அவர் கட்சி.

மூன்று அட்டையை முடித்துக்கொண்டு, டிரான்ஸ்பார்மரைப் பக்கத்தில் வைக்கச் சொல்லி மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் மனு கொடுப்பது என்று தீர்மானித்திருந்தார். அதற்கு நடுவில் அவர் செய்த தவறு வந்தது.

கோழிப் பண்ணைக்காரர்களுக்கு மே மாதம் என்றாலே பயம். வெயில் நாற்பதைத் தாண்டினால் கோழிகள் இறக்கையை விரித்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அந்த நேரத்தில் மின்விசிறியும், பனிபோல் தண்ணீர் தெளிக்கிற ஃபாகரும் கால்மணி நேரம் நின்றால் கூண்டு கூண்டாகச் சாயும். வெளிக் கரண்ட் நின்றால் சோலாரும் நின்றுவிடும் என்பதுதான் அத்தாயியால் பொறுத்துக்கொள்ள முடியாதது. கம்பத்தில் வேலை செய்கிறவர்மேல் கரண்ட் பாயக் கூடாது என்பதற்காக அந்தப் பெட்டியை அப்படிச் செய்திருக்கிறார்கள். காரணம் அவருக்குத் தெரியும். தலைக்குமேல் வெயில் கொளுத்த, அதே வெயிலில் கோழி சாவதைப் பார்த்துக்கொண்டு காரணத்தை நினைத்துக்கொண்டிருப்பதுதான் சிரமம். பழைய ஜெனரேட்டர் ஒன்று இருந்தது; அது பாதி ஃபாகருக்குத்தான் காணும்.

ஈஸ்வர் ஒரு வழி சொன்னார். “ஜெனரேட்டர்ல இருந்து ஒரு வயரு சோலார் பெட்டிக்கு இழுத்து உட்டா, ஜெனரேட்டர் கரண்ட வெளிக் கரண்டுன்னு நெனச்சு அது முழிச்சுக்குமுங்கக்கா. ரெண்டும் சேந்து ஓடும். ஒண்ணே ஒண்ணுதான், மெயின் சுவிட்ச எறக்கிப்போட்டுட்டுத்தான் ஜெனரேட்டரப் போடோணும். மறந்துட்டீங்கன்னா கரண்டு கம்பத்துக்குத் திரும்பிப் போயிரும்.”

“நானென்ன மறக்கற ஆளா?” என்றார் அத்தாயி. பன்னிரண்டு தடவை மறக்கவில்லை.

மே ஒன்பதாம் தேதி முதல் கொட்டகையில் காலையிலேயே பதினோரு கோழிகள் செத்திருந்தன. பன்னிரண்டு மணிக்குச் சற்று முன் கரண்ட் போனது. இரண்டாவது கொட்டகையில் இருந்த அத்தாயி ஓடி வந்து ஜெனரேட்டரைப் போட்டார். சோலார் முழித்துக்கொண்டது, ஃபாகர்கள் சீறின. கோழிகளின் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கால்மணி நேரம் கழித்து வாசலில் ஜூட் நின்றான். அஸ்தம்பட்டிக்காரன், மூன்று வருஷமாக இந்தப் பக்கத்து லைன்மேன். கம்பம் ஏறும் முன் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொள்வான். அதற்கும் முன் டெஸ்டர் கம்பை வைத்துக் கம்பியில் கரண்ட் இல்லையென்று பார்த்துக்கொள்வான். தண்ணீர் கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்து அத்தாயி சொம்பை எடுத்தார்.

“டிரான்ஸ்பார்மர்ல இருந்து ஃபியூஸ் கட்டை மூணையும் பிடுங்கி என் சாப்பாட்டுப் பையில வச்சிருக்கேன்க்கா,” என்றான் ஜூட். “ஆனா கம்பியில கரண்ட் இருக்கு. எங்கிருந்து வருதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

அத்தாயி திரும்பி மெயின் சுவிட்சைப் பார்த்தார். கைப்பிடி மேலே இருந்தது.

ஜூட் தானே போய் அதை இறக்கினான். பிறகு ஒரு தீவன மூட்டைமேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். பாதித் தண்ணீர் சட்டையில் விழுந்தது.

“சாமி…” என்றார் அத்தாயி.

“கம்பியில முட்டுற மரக்கொப்பு ஒண்ணு வெட்டணும், அஞ்சு நிமிஷ வேலை. அதுக்குப் போய் எதுக்கு அனுமதிச் சீட்டுன்னு நானும் வாங்காமத்தான் ஏறப் போனேன். உங்களுக்கு ஒரு போன்கூடப் பண்ணலை.” அவன் எழுந்தான். “இது வெளிய போச்சுன்னா ரெண்டு பேருக்கும் தலைவலி. விடுங்க.”

அன்று சாயங்காலமே அத்தாயி குறட்டால் அந்த வயரைத் துண்டுதுண்டாக நறுக்கினார். ஈஸ்வர் போனில், “ஏனுங்கக்கா, நல்லாத்தான ஓடுச்சு?” என்றார்.

“நல்லா ஓடுனதுதான் ஈஸ்வரு எனக்குத் தைரியம் குடுத்துருச்சு.”

பிறகு அட்டை முன்னால் போய் நின்றார். ஒன்பதாம் குழியில் எண் எதுவும் எழுத முடியாது. பன்னிரண்டரைக்குக் கரண்ட் இல்லை. சுழி போடலாம் என்று பேனாவைக் கொண்டுபோனவர் நிறுத்தினார். சுழி போட்டால் அன்று கம்பியில் ஒன்றும் இல்லை என்று ஆகும். இருந்தது. கடைசியில் அந்தக் குழியை முழுக்க மையால் நிரப்பினார். பேனா பாதி தீர்ந்துபோனது.

ஜூன் மாதம் குறைதீர் மன்றத்தில் மனு விசாரணைக்கு வந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த தலைவர் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பக்கம் தீனதயாளன். லைனைப் பற்றிக் கேட்டால் சொல்வதற்காக ஜூடையும் அழைத்து வந்திருந்தார். அவன் பின்சுவரோரம் நின்றான். இன்னொரு பக்கம் அத்தாயி, மூன்று முட்டை அட்டைகளோடு.

“இதென்னம்மா, முட்டை கொண்டு வந்திருக்கீங்களா?” என்றார் தலைவர்.

“முட்டையப் போன வாரமே வித்தாச்சுங்க. இது வெறும் ஆதாரம்.”

சிரிப்பு அடங்கியதும் அட்டைகள் மேசைக்குப் போயின. தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குழி குழியாகப் பார்த்தார். இருநூற்று ஐம்பத்தெட்டு, இருநூற்று அறுபத்திரண்டு, இருநூற்று அறுபத்தைந்து. அவர் முகத்தில் விளையாட்டு போய்விட்டது. மின் அலுவலகம் மாட்டிய மீட்டரில் பதிவாகியிருந்த எண்களைப் பக்கத்தில் இருந்தவர் ஒப்பிட்டார், எல்லாம் பொருந்தின.

தீனதயாளன் எழுந்தார். “சார், வோல்டேஜ் ஏறுதுன்னே வச்சுக்கலாம். ஆனா லைன்ல வேலை செய்யறது எங்க ஆளுங்க. வீட்டுக்கு வீடு கரண்ட் தயாரிச்சா எங்க பசங்களுக்கு யார் பொறுப்பு? அதனால இவங்க இணைப்பை எடுத்துடறதுதான் பாதுகாப்புன்னு நாங்க கேட்டுக்கறோம்.”

“இவங்க இடத்துலேருந்து எப்பவாவது கரண்ட் திரும்பி வந்திருக்கா?” என்றார் தலைவர்.

“அப்படிப் புகார் ஏதும் இல்லை சார். பொதுவாச் சொல்றேன்.”

தலைவர் தலையாட்டிவிட்டு அட்டைக்குத் திரும்பினார். “இந்த ஒரு குழி மட்டும் ஏன்மா முழுக்க மையா இருக்கு? மே ஒன்பது.”

“அன்னைக்கு மத்தியானம் கரண்டு இல்லீங்க,” என்றார் அத்தாயி.

அது உண்மை. தலைவர் அதை எழுதிக்கொண்டு அடுத்த குழிக்கு விரலை நகர்த்தினார். அத்தாயி அவர் விரலைப் பார்த்தார். பத்தாம் குழி, பதினொன்று, பன்னிரண்டு. இன்னும் பத்து நிமிடத்தில் விசாரணை முடிந்துவிடும். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் வரும், தகடுகள் ஓடும். கோழிகளுக்கு இன்னும் வெயில் முடியவில்லை.

“அய்யா, அந்தக் குழிக்கு இன்னுங் கொஞ்சம் சொல்லோணுமுங்க.”

விரல் நின்றது.

“வெளிக் கரண்டுதான் இல்ல. என்ற பண்ணையிலிருந்து கம்பிக்குக் கரண்டு போயிருச்சு. ஜெனரேட்டருக்கும் சோலாருக்கும் நடுவுல வயரு போட்டிருந்தேன். மெயின எறக்கோணும். மறந்துட்டேன். கம்பத்துல ஏற வந்தவரு தொட்டுப் பாக்காம ஏறியிருந்தா இன்னைக்கு நான் இங்க மனுதாரரா நிக்க மாட்டேனுங்க.”

தலைவர் மறுபடி பேனாவை எடுத்தார்.

“யார் அந்த ஊழியர்?” என்றார் தலைவர்.

“அதச் சொல்ல மாட்டேனுங்க. தப்புப் பண்ணுனது நானு.”

“பேர் வேணும்மா. பதிவு பண்ணணும்.”

“எழுதறதுன்னா என்ற பேர ரெண்டு தடவ எழுதிக்குங்க.”

பின்சுவரிலிருந்து, “நான்தாங்க சார்,” என்றான் ஜூட். “அனுமதிச் சீட்டு வாங்காமப் போனேன். இவங்களுக்கும் தகவல் சொல்லலை.”

அத்தாயி திரும்பிப் பார்த்து, “உன்ன ஆரு கேட்டா?” என்றார். குரல் மிகவும் இறங்கியிருந்தது.

தீர்ப்பு இரண்டு வாரத்தில் வந்தது. அத்தாயி அதைக் கடைசி வரிவரை படித்தார். சிறு உற்பத்தியாளரின் கரண்டை வாங்க ஒப்புக்கொண்ட பிறகு, அதை வாங்குகிற அளவுக்கு லைனை வைத்திருப்பது மின் அலுவலகத்தின் கடமை. அறுபது நாளில் அருகில் டிரான்ஸ்பார்மர் வைக்க வேண்டும். எந்த லைனில் சோலார் இருக்கிறது என்பதை லைன்மேனுக்குத் தெரியும்படி கம்பத்தில் பலகை மாட்ட வேண்டும். வேலைக்கு முன் உற்பத்தியாளருக்குச் சொல்ல வேண்டும். அத்தாயி வெளிக் கரண்டும் ஜெனரேட்டரும் ஒருபோதும் சேராதபடி முறையான மாற்று சுவிட்ச் வைத்து, அது பரிசோதிக்கப்படும்வரை அவருடைய சோலார் இணைப்பு துண்டிக்கப்படும். ஜூடுக்கு எச்சரிக்கைக் கடிதம்.

தீனதயாளனே வந்து சோலார் பெட்டிக்குச் சீல் வைத்தார். ஆடி பிறந்தும் அந்த வருஷம் வெக்கை தணியவில்லை. சோலார் இல்லாத மதியங்களில், அந்தச் சன்னக் கம்பியில் வந்த கரண்டுக்கு மின்விசிறிகள் மெதுவாகத்தான் சுற்றின; அதுவும் அடிக்கடி நின்றது. பழைய ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு, கோணிச் சாக்கை நனைத்துக் கொட்டகையின் பக்கவாட்டில் தொங்கவிட்டு, மதியம் முழுக்க ஹோஸ் பைப்போடு கூரைக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றார் அத்தாயி. அப்படியும் நூற்றுநாற்பது கோழிகள் போயின.

செங்கோடன் போனில் கேட்டார்: “கரண்டு இல்லைன்னு சொன்ன. அவரும் எழுதிக்கிட்டாரு. அப்பறம் ஆரு உன்ன மேல கேட்டது?”

“ஆருங் கேக்கலீங்க.”

“பின்ன?”

“மத்த குழியெல்லாம் நெசம்னு நம்பித்தான அவரு படிச்சாரு. அந்த ஒண்ணுல மட்டும் பாதிய மறச்சுட்டு, மீதிக்கெல்லாம் ஞாயங் கேக்க வாய் வரலீங்க.”

“செரி. சாக்கு பத்தலீன்னா மாட்டுக் கொட்டாய்ல இருக்குது பாரு,” என்றார் செங்கோடன்.

உரிமைக்காகச் சண்டை போடுகிறவர்களிடம் ஒரு கணக்குப் பிசகு சாதாரணமாக இருக்கும். தமக்கு வர வேண்டியதை நாள் தேதியோடு சொல்வார்கள். தம்மிடமிருந்து போக வேண்டியதைப் பற்றிக் கேட்டால் பொதுவாகப் பேசுவார்கள். அலுவலகங்களும் அப்படித்தான். அத்தாயி இரண்டையும் ஒரே பேனாவால், ஒரே அட்டையில் எழுதியிருந்தார். அந்த அட்டை இன்னும் மன்றத்தில்தான் இருக்கிறது. கோப்புக்குள் அடங்காததால் நூல் போட்டு வெளியே கட்டி வைத்திருக்கிறார்கள்.

டிரான்ஸ்பார்மர் எழுபதாவது நாள் வந்தது. தாமதமான பத்து நாளுக்கு எழுத்தில் காரணம் வேண்டும் என்று அத்தாயி புதன்கிழமை போய் உட்கார்ந்தார். தீனதயாளன் எழுதிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, “டிரான்ஸ்பார்மர் வந்தாச்சு, இனி உங்க சுவிட்சைப் பாக்க வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை வாரேன்க்கா. சரியா இல்லைன்னா சீலை எடுக்க மாட்டேன்,” என்றார்.

“எடுக்காதீங்க,” என்றார் அத்தாயி.

சுவிட்ச் சரியாக இருந்தது. அதோடு அவர் இன்னொன்றும் செய்திருந்தார். ஜெனரேட்டர் சாவியை ஒரு சிறு சங்கிலியில் கோத்து மெயின் சுவிட்சின் கைப்பிடியில் கட்டியிருந்தார். கைப்பிடி கீழே இறங்கினால்தான் சாவி ஜெனரேட்டரை எட்டும். விதியில் இது இல்லையே என்றார் தீனதயாளன். “விதி எல்லாருக்கும் போட்டதுங்க. இது எனக்குப் போட்டுக்கிட்டது,” என்றார் அத்தாயி. தீனதயாளன் சங்கிலியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சீலை உடைத்தார்.

செப்டம்பரில் ஒருநாள் காலை ஜூட் போன் செய்தான். “அக்கா, பதினோரு மணிக்குக் கடைசிக் கம்பத்துல வேலை. சீட்டு வாங்கிட்டேன்.”

அத்தாயி மெயினை இறக்கி வைத்துக் காத்திருந்தார். அவன் வந்து, கைப்பிடியில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான். கம்பத்தடிக்குப் போனான். டெஸ்டர் கம்பை எடுத்து ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தான்.

“ஏஞ் சாமி, நீயே பூட்டிப்போட்டு வந்திருக்கற, அப்பறமும் என்ன நம்பலையா?” என்று கொட்டகையிலிருந்து கத்தினார்.

“உங்களை நம்பறேன்க்கா. கம்பியைத் தொட்டுத்தான் பாப்பேன்.”

“பாரு, பாரு. நல்லாப் பாரு.”

சிலுவை போட்டுக்கொண்டு அவன் ஏறினான். இறங்கும்வரை அத்தாயி உள்ளே போகவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பூட்டு திறந்தது. பன்னிரண்டரைக்குப் பெட்டியில் இருநூற்று நாற்பத்தொன்று என்று காட்டியது. அன்றைய குழியில் அதை எழுதிவிட்டு, பேனாவைக் கூண்டுக் கம்பியில் செருகிக்கொண்டு, மதிய முட்டை பொறுக்கப் போனார்.